காயில் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காடாம்புலியூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வடலூர், கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மைக்செட் கடைக்காரர்களுக்கும், ரேடியோ, டிவி மெக்கானிக்குகளுக்கும், ஸ்பீக்கருக்குக் காயில் கட்டும் அண்ணன் தம்பிகளுக்கும்,

உங்களில் பலருடைய கடைப் பரணில் கனமான பழைய ஹெட்போன் ஒன்றாவது கிடக்கும். கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த காலத்தில் வாங்கியதாக இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தவர் டேப்ரெக்கார்டரோடு சேர்த்துக் கொண்டுவந்ததாக இருக்கலாம். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில், வேறெதையோ வாங்கப் போய், கைக்கு வந்ததாகவும் இருக்கலாம். காது மெத்தை உதிர்ந்திருக்கும், ஒயர் விறைத்திருக்கும், ஜாக்கில் பச்சை பூத்திருக்கும். ஒருமுறை செல்போனில் சொருகிப் பார்த்திருப்பீர்கள். "சத்தமே வரலை, அவுட்டு" என்று தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

அது அவுட் இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல். பெரும்பாலானவற்றில் கோளாறு ஹெட்போனில் இல்லை. அதைச் சொருகிய இடத்தில் இருக்கிறது. கோளாறு ஹெட்போனிலேயே இருந்தாலும், அதைச் சரிசெய்யும் கை சென்னையில் தேடவேண்டிய கை அல்ல. குழாய் ஸ்பீக்கர் யூனிட்டில் டயாபிரம் மாற்றும் கை, லைன் டிரான்ஸ்பார்மரில் டேப் பார்த்து இணைக்கும் கை, அதே கை போதும். ஆகவே தயவுசெய்து அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் செம்பு ஒரு டீக்குக்கூடக் காணாது.

முதலில் அந்த "சத்தம் வரலை" விஷயத்தைப் பேசிவிடலாம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

ஹெட்போனின் காதுக்கூட்டிலோ ஜாக்கிலோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். இன்று கடையில் விற்கும் ஹெட்போன்கள் பெரும்பாலும் 32 ஓம்ஸ் அல்லது அதற்குப் பக்கம். பழைய ஸ்டுடியோ ஹெட்போன் அப்படியில்லை. வியன்னாவில் ஏகேஜி நிறுவனம் 1975 வாக்கில் கொண்டுவந்த கே 240 செக்ஸ்டெட் 600 ஓம்ஸ். ஜெர்மனியின் பேயர்டைனமிக் செய்த டிடி 100, பிபிசி தொடங்கி எத்தனையோ ஒலிபரப்பு நிலையங்களில் உழைத்தது. அது 400 ஓம்ஸ். சென்ஹைசர் 1968-இல் வெளியிட்ட எச்டி 414, மஞ்சள் ஸ்பாஞ்சு மெத்தையோடு வரும் எடையில்லாத ஹெட்போன், 2000 ஓம்ஸ். இவ்வளவு ஓம்ஸ் வைத்தவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கோடம்பாக்கமோ லண்டனோ, ஒரு ஸ்டுடியோவில் பாடுபவர், வயலின்காரர்கள், தபேலாக்காரர் என்று பல காதுகளுக்கு ஒரே ஆம்ப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கவேண்டும். 8 ஓம்ஸ் ஹெட்போன் 10-ஐப் பேரலலாகப் போட்டால் ஆம்ப்புக்குத் தெரிவது 0.8 ஓம்ஸ், ஷார்ட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். 600 ஓம்ஸ் 10-ஐப் போட்டால் 60 ஓம்ஸ். ஆம்ப் நிம்மதியாக இருக்கும். நடுவில் ஒருவர் ஜாக்கைப் பிடுங்கினாலும் மற்றவர் காதில் சத்தம் ஏறி இறங்காது.

இது உங்களுக்குப் புதிதா? வடலூர் தைப்பூசத்துக்கு ஊர் நெடுகக் குழாய் கட்டும்போது 16 ஓம்ஸ் யூனிட்டுகளை அப்படியே ஒரே ஒயரில் கோர்ப்பீர்களா? மாட்டீர்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர் போட்டு 100 வோல்ட் லைனில்தான் விடுவீர்கள். 30 வாட் டேப்பில் இணைத்த ஒரு குழாயை லைனிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ 333 ஓம்ஸ். அதனால்தான் ஒரே ஆம்ப்பில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குழாய் கட்ட முடிகிறது. ஸ்டுடியோக்காரர்கள் டிரான்ஸ்பார்மர் வைத்துச் செய்யாமல், ஹெட்போன் காயிலிலேயே மெல்லிய கம்பியை அதிகச் சுற்றாகச் சுற்றி அதே வேலையை முடித்துக்கொண்டார்கள். தத்துவம் ஒன்றுதான்.

600 என்ற எண்ணுக்கே ஒரு பரம்பரை உண்டு. அது தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. 600 ஓம்ஸில் 1 மில்லிவாட் வரவேண்டுமென்றால் 0.775 வோல்ட் வேண்டும். மிக்சர் மீட்டரில் நீங்கள் பார்க்கும் டெசிபல் கணக்குக்கு அடியில் கிடக்கும் எண் அதுதான். வானொலி தொலைபேசியிடமிருந்து அந்த வழக்கத்தை வாங்கிக்கொண்டது. திருச்சி வானொலி 1939-இல் வந்தது, நம் காதுக்கு எட்டிய புதுச்சேரி வானொலி 1967-இல் வந்தது. அந்தத் தலைமுறையில் உலகெங்கும் ஒலிபரப்புக் கருவிகள் இந்தக் கணக்கில்தான் ஒன்றோடொன்று பேசின. ஹெட்போனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

இப்போது செல்போனுக்கு வருவோம். செல்போனின் ஹெட்போன் வாய் தாராளமாகக் கொடுத்தால் 1 வோல்ட் கொடுக்கும். 32 ஓம்ஸில் அது 31 மில்லிவாட், காதைக் கிழிக்கப் போதும். அதே 1 வோல்ட் 600 ஓம்ஸில் 1.7 மில்லிவாட்கூட இல்லை. 2000 ஓம்ஸில் அரை மில்லிவாட். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓம்ஸால் வகுக்கும் கணக்கு உங்களுக்கு மனப்பாடம்; நான் நீட்டவில்லை. பழைய ஹெட்போனுக்குத் தேவை வோல்ட். 600 ஓம்ஸில் 100 மில்லிவாட் வேண்டுமானால் ஏறத்தாழ 7.75 வோல்ட் வேண்டும். அதைக் கொடுக்காமல் ஹெட்போனைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆம்ப் செய்வது பிறகு. அதற்குமுன் உடைந்ததைச் சரிசெய்வோம்.

நம் பக்கத்தில் ஹெட்போனைக் கொல்வது உபயோகம் அல்ல, காற்று. கடலிலிருந்து வரும் உப்பு ஈரம், கோடையின் சூடு, ஐப்பசி கார்த்திகை மழை. காது மெத்தைக்கு உள்ளும் டிரைவருக்கு முன்னாலும் வைத்திருக்கும் ஸ்பாஞ்சு பாலியூரித்தேன். ஈரம் அதை மெல்ல உடைத்துப் பிசினாக்கிவிடும். தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டும். மெத்தையின் மேல்தோல் செதில் செதிலாக உதிரும். நீல வரி போட்ட சோனி எம்டிஆர் 7506, 1991-இல் வந்து இன்னும் விற்பனையில் இருப்பது, அதில் இந்த உதிர்வை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். பிவிசி ஒயரிலிருந்து மென்மையாக்கி வெளியேறி ஒயர் கம்பியாக விறைக்கும். காயில் மட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நாம் தூக்கி எறிவது உயிருள்ள காயிலையும் செத்த ஸ்பாஞ்சையும் சேர்த்துத்தான்.

கையில் எடுத்தவுடன் மல்டிமீட்டர் வையுங்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டவேண்டும். அந்த அளவு அச்சிட்ட எண்ணுக்குப் பக்கத்தில், பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு பக்கம் ஓப்பன் காட்டினால் பயப்படவேண்டாம். ஜாக்கின் கழுத்திலும், காதுக்கூட்டுக்குள் ஒயர் நுழையும் இடத்திலும் ஒயரை மடக்கி மடக்கிப் பாருங்கள். முள் துடித்தால் காயில் பிழைத்தது, ஒயர்தான் அறுந்திருக்கிறது. பத்தில் பெரும்பங்கு இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பீக்கருக்கு ஃபேஸ் பார்க்க 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நம் கடைகளில் உண்டு. கோன் வெளியே தள்ளினால் பிளஸ். ஹெட்போனில் அதைச் செய்யாதீர்கள். 32 ஓம்ஸ் ஹெட்போனில் 9 வோல்ட் வைத்தால் 2.5 வாட் பாயும். அது தாங்குவது மில்லிவாட் கணக்கில். முடியைவிட மெல்லிய கம்பி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஃபேஸ் பார்க்கவேண்டுமானால் ஒரே குரல் இரண்டு பக்கமும் வரும் மோனோ பாட்டு ஒன்று போடுங்கள். ஃபேஸ் சரியாக இருந்தால் குரல் நெற்றிக்கு நடுவில் நிற்கும். மாறியிருந்தால் குரல் தலைக்கு வெளியே எங்கோ அலையும், மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிடும். பேட்டரியைவிடக் காது இங்கே நல்ல மீட்டர்.

இன்னொன்று. மிகப் பழைய மோனோ ஹெட்போனில் இரண்டு துண்டு ஜாக் இருக்கும். அதை ஸ்டீரியோ வாயில் சொருகினால் வலது சேனல் நேராக கிரவுண்டில் ஷார்ட் ஆகும். ஜெர்மன் ஹெட்போன்கள் சிலவற்றில் ஐந்து முள் டின் பிளக் வரும். இரண்டையும் மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் வெட்டிய பழைய பிளக்கைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு அந்த ஹெட்போனோடேயே வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒயரின் உள்ளே இருப்பது சாதாரணச் செம்பு அல்ல. நூலின்மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றிய பின்னல். ஸ்பீக்கர் கோனிலிருந்து டெர்மினலுக்கு வரும் பின்னல் கம்பியைப் பற்றவைத்தவருக்கு இதன் குணம் தெரியும். சில ஒயர்களில் இழைகளின்மேல் நிறப் பூச்சு இருக்கும். அது எரிந்து விலகும்வரை ஈயம் ஒட்டாது. நன்றாகச் சூடான அயர்ன், கொஞ்சம் பிளக்ஸ், சட்டென்று வைத்து சட்டென்று எடுக்கவேண்டும். தடுமாறினால் டெர்மினலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி, டிரைவரின் முள் சாய்ந்துவிடும்.

பிசினாகிப்போன ஸ்பாஞ்சைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம், இவை எதுவும் வேண்டாம். காதுக்கூட்டின் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். டயாபிரத்தில் எந்தத் திரவமும் படக்கூடாது. அதன்மேல் ஒரு தலைமுடி விழுந்து கிடந்தாலே குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் கரகரக்கும். காயில் தேய்கிறது என்று நினைத்துப் பிரிப்பதற்குமுன் முடியைத் தேடுங்கள். மேஜையும் முக்கியம். குழாய் ஸ்டாண்டை அரம் வைத்துத் தேய்த்த அதே மேஜையில் ஹெட்போனைப் பிரித்தால் இரும்புத் தூள் காந்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யூனிட் வேலையில் செலோடேப் வைத்து எடுப்பீர்களே, அதே வழிதான். ஆனால் இங்கே இடுக்கு பல மடங்கு சிறியது. வராமல் பார்த்துக்கொள்வதே மேல்.

காயிலே போய்விட்டால்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பம்புசெட் மோட்டாருக்கும் யூனிட்டுக்கும் காயில் கட்டும் நம் ஊர்க் கைகள் அபாரமானவை. ஆனாலும் ஸ்டுடியோ ஹெட்போன் காயிலைக் கையால் கட்டுவது பெரும்பாலும் வீண் முயற்சி. அதுபோக, 1976-இல் யமகா வெளியிட்ட எச்பி-1 போன்றவற்றில் சுற்றிய காயிலே கிடையாது. மெல்லிய படலத்தின்மேலேயே கம்பி அச்சிட்டிருக்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி வரைந்த அழகான பொருள் அது. ஆனால் அறுந்தால் அறுந்ததுதான். ஒரே மாடலில் செத்தது இரண்டு கிடைத்தால் ஒன்றாக்குங்கள். அதனால்தான் எந்த உதிரியையும் எறியாதீர்கள் என்றேன். பழைய பிளக், திருகாணி, உடைந்த தலைப்பட்டை, ஒற்றைக் காது, எல்லாம் பக்கத்து ஊரில் யாருக்காவது தேவைப்படும்.

பழைய ஹெட்போனை நான் மதிப்பது பழையது என்பதற்காக அல்ல. குப்பையாகவே பிறந்த பழையதும் உண்டு. ராணுவப் பயிற்சிக்குச் செய்த, இரும்புத் தகடு அதிரும் வகையை யாராவது பெருமையாகக் கொண்டுவந்தால், அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் சொல்லுங்கள். அதில் பாட்டு கேட்கமுடியாது. நல்ல பழைய ஸ்டுடியோ ஹெட்போனை நான் மதிப்பதற்குக் காரணம், அது பிரித்து மூடுவதற்காகவே செய்யப்பட்டது என்பதுதான். டிடி 100-ஐ ஒரு ஸ்க்ரூடிரைவரோடு துண்டு துண்டாகக் கழற்றிவிடலாம், ஒயர் தனியாகக் கழன்று வரும். பேயர்டைனமிக்கின் டிடி 48, 1937-இல் வந்தது. 2012 வரை தயாரிப்பில் இருந்தது. எழுபத்தைந்து வருடம்! இன்று 500 ரூபாய்க்கு வரும் ஹெட்போனைத் திறக்கக் கத்தி வேண்டும், திறந்தால் மூடமுடியாது.

மெத்தை மாற்றுவதில்தான் நம்மவர்கள் அவசரப்படுவார்கள் என்று எனக்குக் கவலை. டூவீலர் சீட் தைக்கும் கடையில் கொடுத்தால் பார்க்க அழகாகத் தைத்துக் கொடுப்பார்கள். தையலில் குற்றமில்லை. ஆனால் மெத்தையின் கனம் மாறினால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் மாறும், சத்தமும் மாறும். மூடிய வகை ஹெட்போனில் மெத்தை காதைச் சுற்றி இறுகப் பொருந்தாவிட்டால் பேஸ் ஒழுகிவிடும். பழுது இல்லாத டிரைவரைப் பழுது என்பீர்கள். துணி மெத்தை இருந்த இடத்தில் ரெக்ஸின் வைத்தாலும் ஒலி வேறாகும். டிரைவருக்குப் பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட்டோ மெல்லிய காகிதமோ ஒட்டியிருந்தால், அழுக்கு என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். அதுதான் அந்த ஹெட்போனின் சுருதி. செக்ஸ்டெட்டில் டிரைவரைச் சுற்றி ஆறு சிறு டயாபிரம்கள் இருக்கும். அவற்றுக்கு ஒயரே கிடையாது. "ஆறும் செத்துப்போச்சு" என்று முடிவுகட்டவேண்டாம். அவை காற்றழுத்தத்தில் ஆடுவதற்காக வைத்தவை.

பேஸ் வேண்டும் என்று காதுக்கூட்டில் துளை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. டிஜே பாக்ஸில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அது உங்கள் பாக்ஸ், உங்கள் ஊர்வலம். ஸ்டுடியோ ஹெட்போன் இருப்பதே உள்ளதை உள்ளபடி சொல்வதற்காக. அதை இனிமையாக்கினால் பொய் சொல்லும்.

இனி ஆம்ப். கடையில் இருக்கும் அகுஜா வகை ஆம்ப்பின் பின்னால் 4, 8, 16 ஓம்ஸ் டெர்மினல்கள் இருக்கும். பக்கத்திலேயே 70 வோல்ட், 100 வோல்ட் லைன். ஹெட்போன் ஒயரின் நிழல்கூட 100 வோல்ட் பக்கம் விழக்கூடாது. 600 ஓம்ஸிலும் அது 16 வாட்டுக்கு மேல். ஹெட்போன் போவது இருக்கட்டும், காது போய்விடும். ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து 220 அல்லது 330 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து எடுப்பது பழைய ஸ்டீரியோ ஆம்ப்களில் கம்பெனிக்காரர்களே செய்த வழி. அவசரத்துக்கு ஆகும். மைக்செட் ஆம்ப்பில் அடியில் ஓடும் ஹம் ஹெட்போனில் பளிச்சென்று கேட்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

தனியாக ஒன்று கட்டிக்கொள்வது உங்களுக்கு ஒரு மாலை வேலை. 12-0-12 டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர், 7812, 7912, ஒரு வால்யூம் கன்ட்ரோல், நடுவில் என்இ 5532 ஐசி. சென்னை ரிச்சி தெருவுக்கு மெனக்கெட்டுப் போகவேண்டியதில்லை, உங்கள் மிக்சரைத் திறந்தால் அதே ஐசி வரிசையாக உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. 600 ஓம்ஸ் சுமையை ஓட்டவே வடிவமைத்த ஐசி அது. இந்த சப்ளையில் ஏறத்தாழ 7 வோல்ட் கிடைக்கும். 600 ஓம்ஸில் 80 மில்லிவாட்டுக்குக் குறையாது. வெளிநாட்டில் சூ மோய் என்பவர் வரைந்த சிறு சர்க்யூட்டை மிட்டாய் டின்னுக்குள் 9 வோல்ட் பேட்டரியோடு கட்டுவது 1990-களின் கடைசியிலிருந்து பிரபலம். அழகான சர்க்யூட்தான். ஆனால் ஒற்றை 9 வோல்ட்டில் 600 ஓம்ஸுக்குக் கிடைப்பது, நல்ல கணக்கில் எடுத்தாலும், 3 வோல்ட். மூச்சு முட்டும்.

32 ஓம்ஸுக்கு இதே பெட்டியை நம்பாதீர்கள். அங்கே வோல்ட் குறைவாகப் போதும், கரன்ட் அதிகம் வேண்டும்; 5532-ஆல் தனியாக அவ்வளவு கொடுக்க வராது. பின்னால் இரண்டு டிரான்சிஸ்டர் சேர்க்கவேண்டும். வெளியே அனுப்புமுன் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று பாருங்கள், சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஹெட்போனைச் சொருகாதீர்கள். ஆன் செய்யும்போது "டப்" என்று அடித்தால் சிறிது தாமதித்து இணைக்கும் ரிலே ஒன்று. இவை எல்லாம் நீங்கள் பவர் ஆம்ப்பில் செய்வதுதான். அளவு மட்டும் சிறியது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

முதல் லாபம் உங்கள் மிக்சரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சேனலிலும் பிஎஃப்எல் என்று ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் அந்தச் சேனல் மட்டும் ஹெட்போனில் கேட்கும்; நம் பக்கத்தில் பலர் அதைத் தொட்டதே இல்லை. கோயில் மேடையில் ஏழெட்டு மைக் ஓடும்போது எங்கோ ஒன்று கொரகொரக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு மைக்காக அணைத்துப் பார்க்கிறோம். நாதஸ்வரம் அறுகிறது, தவில் அறுகிறது, கமிட்டித் தலைவர் கையைக் காட்டுகிறார். மூடிய வகை ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பட்டனை வரிசையாக அழுத்தினால், கூட்டத்துக்குத் தெரியாமல் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அடிமாட்டு விலைக்கு வாங்கிய ஹெட்போன் பக்கத்துச் சத்தத்தை உள்ளே விடும். காதை மூடி இறுக்கும் டிடி 100 போன்றவை அந்த வேலைக்கே பிறந்தவை.

இரண்டாவது, தொழிலின் போக்கு. கூம்புக் குழாய்க்குத் தடை, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. சத்தத்தைக் கூட்டி மட்டுமே பிழைப்பு நடத்தும் காலம் சுருங்குகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதே நேரம் பதிவு வேலை பெருகுகிறது. தெருக்கூத்து ஜமா ஒவ்வொன்றும் இரவு முழுக்க ஆடியதை யாரோ ஒரு தம்பி செல்போனில் பிடித்து ஏற்றுகிறான். சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அண்ணாமலை நகரில் தலைமுறைகளாக இசை படிக்கிறார்கள். இவற்றைப் பதிவதற்கும், பதிந்ததைத் திருத்துவதற்கும் உண்மை சொல்லும் ஹெட்போன் வேண்டும். புதிதாக வாங்க அந்தப் பிள்ளைகளிடம் பணம் இல்லை. உங்கள் பரணில் பொருள் இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது.

விற்றால் ஒளிவுமறைவு வேண்டாம். எந்த மெத்தை புதிது, எந்த ஒயர் மாற்றியது, ஜாக் எப்போது போட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பளபளப்பாகப் பெயின்ட் அடித்து "புதுசு" என்று விற்பவர் ஒருவர் போதும், நம் வட்டாரப் பெயர் கெட. ஒரு காது மங்கலாக இருந்தால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள். வாங்குகிறவர் எப்படியும் இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிடுவார்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரை பிய்ந்த கடைகளில் ஆம்ப்களும் யூனிட்டுகளும் நனைந்தன. அவற்றை நீங்கள் வெயிலில் காயவைத்து, பிரித்துத் துடைத்து, அடுத்த திருவிழாக்களுக்குள் ஓடவைத்தீர்கள். உங்களிடம் இதைக் கேட்கும் தைரியம் எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

சரிசெய்ததைப் பத்திரப்படுத்தவும் ஒரு வார்த்தை. நம் வியாபாரிகள் முந்திரிப் பருப்பை ஈரம் புகாத டின்னில் அடைப்பதுபோல இதையும் மூடி இறுகும் டப்பாவில், இரண்டு சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஒயரை ஹெட்போன்மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள், கழுத்தில் அறுவது அதனால்தான். மழைக்காலத்தில் ஒருமுறையாவது எடுத்து அரை மணி நேரம் பாடவிடுங்கள்.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. பாக்ஸ் பக்கத்திலேயே வாழ்கிற நமக்கு ஏற்கெனவே பாதிக் காது போயிருக்கிறது, "என்னண்ணே?" என்று இரண்டுமுறை கேட்காமல் பேசும் மைக்செட்காரர் நம்மில் அபூர்வம். வோல்ட் அதிகம் கொடுக்கும் ஆம்ப்பில் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டவேண்டும். கடைப் பையன்களுக்கு இதை முதல்நாளே சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை பரண் ஒழிக்கும்போது கிடைப்பதைக் கழித்துக்கட்டாமல், ஒவ்வொன்றின்மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டி மீட்டர் காட்டிய ஓம்ஸை எழுதிவையுங்கள்: இடது இவ்வளவு, வலது இவ்வளவு. கம்பெனிப் பெயர் அழிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த இரண்டு எண் இருந்தால் எதற்கு எந்த ஆம்ப், எதனோடு எதைச் சேர்த்து ஒன்றாக்கலாம் என்று உட்கார்ந்து பேசலாம். 400-க்கு மேல் காட்டும் எதுவாக இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள். 5532 பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நானே கடைக்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேளுங்கள், பிறகு விலை பேசலாமா, உதிரிக்கு வைக்கலாமா என்று முடிவுசெய்யலாம்.

இப்படிக்கு,
காடாம்புலியூரிலிருந்து
உங்கள் தொழிலில் ஒருவன்